அப்பம்மா காரைக்காலில் பிறந்தவர்: பிரான்ஸா, இந்தியாவா, இருப்பதே போதுமா?

அப்பம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பின்னேரம், கொட்டாஞ்சேனை வீட்டில் அவருடைய அலுமாரியை அப்பா திறந்தார். சேலைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் செபமாலை ஒன்று, பூச்சி உருண்டை இரண்டு, நான்காக மடித்த கடதாசிகள் நான்கு. மேலே இருந்தது அவருடைய பிறப்புப் பதிவின் பிரதி. காரைக்கால், 1938, பிரெஞ்சு மொழி. ஊதா மை கசிந்திருந்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் செலோடேப் ஒட்டி, அந்த செலோடேப்பும் மஞ்சளாகிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது.

மற்ற மூன்றில் ஒன்று 1957 ஆம் ஆண்டு விவாகச் சான்றிதழ். அப்பப்பாவைக் கட்டிக்கொண்டு, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி வந்தவர் அவர். அடுத்தது, கொழும்பிலிருந்த பிரெஞ்சுத் தூதரகத்தில் பிரெஞ்சுப் பிரசையாகப் பதிந்ததற்கான அட்டை, 1961, இளவயதுப் படத்தோடு. கடைசியாக 1975 இல், இலங்கைப் பிரசை ஒருவரின் மனைவி என்ற முறையில் இலங்கைப் பிரசாவுரிமைக்குப் பதிவுசெய்த சான்றிதழ்.

தம்பி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, அப்படியென்றால் நாங்களும் பிரெஞ்சுக்காரரா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் பல வருடமாக வேலை செய்கிறேன். பிறப்புச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும்தான் என் நாளாந்தச் சோறு. இருந்தும் இந்த நான்கு கடதாசிகளையும் சரியாக வாசித்து முடிக்க எனக்குப் பல மாதம் பிடித்தது. கொழும்பில் காரைக்கால், பாண்டிச்சேரித் தொடர்புள்ள குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் நாங்கள் எடைபோட்டுப் பார்த்த வழிகளை அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தம்பி செய்த காரியத்தைச் சொல்லவேண்டும். எனக்குச் சொல்லாமல் வெள்ளவத்தையில் ஒரு முகவரிடம் போய்விட்டான். அவர் கடதாசிகளைப் பார்க்கக்கூட இல்லை. பாட்டி பிரெஞ்சு மண்ணில் பிறந்திருந்தால் பேரப்பிள்ளைகள் எல்லாரும் பிரெஞ்சுப் பிரசைகள்தான், ஞானஸ்நானச் சான்று இருந்தால் போதும், ஆறு மாதத்தில் பாஸ்போர்ட் கையில் என்றாராம். எட்டு இலட்சம் ரூபா, பாதி முற்பணம். அவர் சொன்னதில் ஒரு வசனம்கூடச் சரியில்லை. ஆனால் அதற்குள் ஓர் உண்மையின் துண்டு ஒளிந்திருக்கிறது, அதனால்தான் ஆட்கள் நம்புகிறார்கள்.

அந்தத் துண்டு இதுதான். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பாண்டிச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கும் 1954 நவம்பர் 1 இல் நடைமுறையில் இந்தியாவிடம் கைமாறின. கைமாற்ற ஒப்பந்தம் 1956 மே 28 இல் கையெழுத்தானது. ஆனால் பிரான்ஸ் அதை உடனே உறுதிப்படுத்தவில்லை. அல்ஜீரியப் போர் முடிந்த பிறகுதான் காரியம் நடந்து, 1962 ஓகஸ்ட் 16 இல் ஒப்பந்தம் அமுலுக்கு வந்தது. பிரசாவுரிமைக் கேள்வி முழுவதும் இந்த ஒரு தேதியில் தொங்குகிறது. அன்று நீங்கள் எந்த ஊரில் குடியிருந்தீர்கள் என்பதுதான் விஷயம்.

அன்றைக்கு அந்தப் பிரதேசத்திலேயே குடியிருந்த, அங்கேயே பிறந்த பிரெஞ்சுப் பிரசைகள் தானாகவே இந்தியப் பிரசைகள் ஆனார்கள். வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவித்துப் பிரெஞ்சாகவே இருக்கலாம். இந்தியாவின் மற்ற ஊர்களில் குடியிருந்தவர்களுக்கும் அதே விதி. சில ஆயிரம் பேர் அப்படி அறிவித்தார்கள். இன்றும் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பங்கள், இருப்பது அதனால்தான். ஆனால் அங்கே பிறந்து, அன்று இந்தியாவுக்கும் அந்தப் பிரதேசத்துக்கும் வெளியே மூன்றாவது நாடொன்றில் குடியிருந்தவர்களுக்கு விதி தலைகீழ். அவர்கள் ஒன்றுமே செய்யாமல் பிரெஞ்சாகவே தொடர்ந்தார்கள். இந்தியப் பிரசையாக வேண்டுமென்றால்தான் அறிவிக்கவேண்டும்.

வியட்நாமின் சைகோனில் இருந்த பாண்டிச்சேரிக்காரரைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். கொழும்பும் அதே பட்டியலில் வருகிறது என்பதை நான் அந்த ஒப்பந்தத்தின் ஏழாம் உறுப்புரையை வாசித்தபோதுதான் உணர்ந்தேன். 1957 இலேயே கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்ட அப்பம்மா, 1962 இல் கையெழுத்து எதுவும் போடாமலே பிரெஞ்சாக நின்றுவிட்டார். 1965 இல் கலியாணம் செய்து வந்திருந்தால், ஓகஸ்ட் 16 அன்று காரைக்காலில் இருந்திருப்பார், இந்தியப் பிரசையாகியிருப்பார், இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, காரைக்காலில் பிறந்தது மட்டும் போதாது. அந்தக் காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்து காரைக்காலில் குடியேறிய குடும்பங்கள் பிரிட்டிஷ் பிரசைகள். அவர்களின் பிள்ளை அங்கே பிறந்ததால் மட்டும் பிரெஞ்சாகிவிடாது. பெற்றோர் வழியாகப் பிரெஞ்சுப் பிரசாவுரிமை வந்திருக்கவேண்டும். இரண்டு, வங்காளத்தில் பிரான்ஸிடமிருந்த சந்திரநாகூர் வேறு கதை. அது வேறு ஒப்பந்தத்தின் கீழ் 1952 இலேயே போய்விட்டது.

சரி, அப்பம்மா பிரெஞ்சு. அடுத்த கேள்வி, அப்படியே இருந்தாரா?

ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுப் பிரசாவுரிமை எடுத்தால் பிரெஞ்சுப் பிரசாவுரிமை போய்விடும் என்பது பிரான்ஸின் பழைய சட்டம். 1973 ஜனவரி 9 ஆம் திகதிச் சட்டம் அதை மாற்றியது. அதற்குப் பிறகு வெளிநாட்டுப் பிரசாவுரிமை எடுத்தாலும், தானே அறிவித்துத் துறந்தால் ஒழிய இழப்பு இல்லை. அப்பம்மா இலங்கைப் பிரசையாகப் பதிந்தது 1975. இரண்டே வருட இடைவெளியில் தப்பியிருக்கிறார். அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கூப்பன் அட்டைக்கோ வேறெதற்கோ தேவைப்பட்டு அப்பப்பா கூட்டிக்கொண்டுபோயிருப்பார் என்றுதான் அப்பா நினைக்கிறார்.

உங்கள் வீட்டுப் பாட்டி 1973 க்கு முன் பதிந்திருந்தால் உடனே கடதாசியைக் கிழித்துப்போட வேண்டாம். அந்தப் பழைய விதியில் ஓர் அநியாயம் இருந்தது. படைச் சேவை வயதிலுள்ள ஆண்களுக்கு, பிரெஞ்சு அரசு அனுமதி கொடுத்தால்தான் இழப்பு, பெண்களுக்கோ தானாகவே இழப்பு. 2014 ஜனவரி 9 இல் பிரான்ஸின் அரசியலமைப்பு மன்றம் இந்த வேறுபாடு சமத்துவத்துக்கு முரண் என்று தள்ளிவிட்டது. 1951 ஜூன் 1 முதல் 1973 சட்டம் வரைக்குமான காலத்தில் அப்படி இழந்த பெண்கள் அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேட்கலாம். இதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கணவன் நாட்டுக் கடதாசியில் கையெழுத்துப் போட்ட ஒரே காரணத்தால், தான் பிறந்த நாட்டை இழந்த எத்தனை பெண்கள் இந்தச் செய்தி வருவதற்குள் கண்மூடியிருப்பார்கள்.

இனி அப்பா. 1960 இல் கொழும்பில் பிறந்தவர். பிரெஞ்சுத் தாய்க்கும் வெளிநாட்டுத் தகப்பனுக்கும் பிறந்த பிள்ளையும் பிரெஞ்சுதான் என்பது அன்றைய பிரெஞ்சுச் சட்டம். வயதுக்கு வருமுன் வேண்டாமென்று துறக்கலாம், அவ்வளவே. அப்பா துறக்கவுமில்லை, அப்படி ஒன்று இருக்கிறதென்று அறியவுமில்லை. சட்டப்படி பார்த்தால் என் அப்பா அறுபத்தைந்து வருடமாகப் பிரெஞ்சுக்காரர். தம்பி துள்ளிக் குதித்தது இந்த இடத்தில்.

இங்கேதான் பெரிய பூட்டு இருக்கிறது. பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின் 30-3 ஆம் உறுப்புரை. வெளிநாட்டில் வாழ்பவர் ஒருவர் பரம்பரை வழியாகப் பிரெஞ்சுப் பிரசாவுரிமை கேட்கிறார், அவருடைய முன்னோர் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவரோ, உரிமையைக் கடத்தக்கூடிய அவருடைய தாய் அல்லது தகப்பனோ பிரெஞ்சுப் பிரசையாக நடத்தப்பட்டிருக்கவேண்டும். அதாவது கடவுச்சீட்டு, தூதரகப் பதிவு, வாக்காளர் அட்டை, படைச் சேவை என்று ஏதாவது. இல்லையென்றால் தான் பிரெஞ்சு என்று நிரூபிக்கவே அவரை அனுமதிக்கமாட்டார்கள். இரத்தம் இருக்கிறதா என்று கேட்க வரமாட்டார்கள், வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

எங்கள் குடும்பத்துக்கு 1957 இலிருந்து எண்ணினாலும் 1962 இலிருந்து எண்ணினாலும் ஐம்பது வருடம் 2012 க்குள் முடிந்துவிட்டது. அப்படியானால் அந்த 1961 ஆம் ஆண்டு அட்டைக்கு உயிர் வருகிறது. அப்பாவின் விஷயத்தில் 'உரிமையைக் கடத்தக்கூடிய தாய்' அப்பம்மா. அவர் பிரெஞ்சாக நடத்தப்பட்டதற்கு அட்டை சாட்சி. ஆகவே அப்பாவுக்குக் கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கிறது. ஒற்றை அட்டை, அதுவும் பழையது என்பதால் வாதாட வேண்டிவரும், ஆனாலும் வாதாட ஏதோ இருக்கிறது.

எனக்கும் தம்பிக்கும்? எங்கள் விஷயத்தில் கேட்கப்படுவது நாங்களும் அப்பாவும். அப்பா ஒரு நாளும் தூதரகத்தில் பதியவில்லை, நாங்களும் இல்லை. பாட்டியின் அட்டை ஒரு தலைமுறைக்குத்தான் பேசும். அப்பா இன்றைக்கு ஓடிப்போய்ப் புதிதாக ஏதாவது எடுத்தாலும், முடிந்துபோன ஐம்பது வருடத்தில் இருந்த வெற்றிடம் அதனால் நிரம்பாது. அந்தத் திசையில்தான் பிரான்ஸின் உச்ச நீதிமன்றமும் 2019 இல் தீர்ப்புச் சொன்னது. அதே பிஸ்கட் டின், அதே அட்டை. அப்பாவுக்குத் திறக்கும், எங்களுக்குத் திறக்காது. தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, நான்தான் சட்டம் எழுதியவள் மாதிரி.

முழுக்க அடைத்துவிட்டார்கள் என்றும் இல்லை. அதே சட்டத்தில் 21-14 என்று ஓர் உறுப்புரை இருக்கிறது. ஐம்பது வருட விதியால் திருப்பி அனுப்பப்பட்டவர், பிரான்ஸோடு பண்பாட்டு, தொழில், பொருளாதார அல்லது குடும்ப வழியில் வெளிப்படையான பிணைப்பு வைத்திருந்தால், அறிவித்தல் மூலம் பிரசாவுரிமை கேட்கலாம். பிணைப்பு என்றால் பார்ன்ஸ் பிளேசில் அலியான்ஸ் பிரான்ஸே என்ற பிரெஞ்சு மொழி நிலையத்தில் மூன்று மாத வகுப்பு அல்ல. அங்கே வாழ்ந்த, படித்த, உழைத்த காலம், அடிக்கடி போய்வரும் உறவு, இப்படி அடுக்கிக் காட்டவேண்டும். எங்களிடம் இன்று அது இல்லை. பாரிஸின் லா சப்பலில் தூரத்து உறவுகள் இருப்பதைப் பிணைப்பு என்று சொல்லமுடியாது.

இனி அப்பாவின் வழியைத் தனியாகப் பார்ப்போம். திறந்த கதவு என்பதற்காக நுழையத்தான் வேண்டுமா?

அவர் செய்யவேண்டியது பிரெஞ்சுப் பிரசாவுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது. வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு அதைக் கவனிப்பது பாரிஸ் நீதிமன்றம். றோஸ்மீட் பிளேசில் உள்ள தூதரகத்தில் வாங்கிக்கொண்டு வரும் பொருள் அல்ல அது. அப்பம்மாவின் பிறப்புப் பதிவு, அவருடைய தாய் தகப்பனின் பதிவுகள், விவாகப் பதிவு, அப்பாவின் பதிவு என்று சங்கிலி அறாமல் இருக்கவேண்டும். முகவர் சொன்ன ஞானஸ்நானச் சான்று கோயிலுக்கு உரியது. நீதிமன்றம் கேட்பது அரச பதிவு.

சங்கிலியில் எங்களுக்கு அகப்பட்ட முதல் முடிச்சு ஓர் 'உ'. பிரெஞ்சில் 'உ' ஒலிக்கு இரண்டு எழுத்துச் சேர்த்து எழுதுவார்கள். கொழும்புப் பதிவாளர் ஆங்கில வழக்கப்படி ஒற்றை எழுத்தில் முடித்துவிட்டார். அப்பம்மாவின் தகப்பன் பெயரில் மூன்று 'உ' வருகிறது. ஆகவே காரைக்கால் கடதாசியில் ஒரு மனிதர், கொழும்பு விவாகச் சான்றிதழில் வேறொரு மனிதர். நமக்குப் பார்த்தவுடன் தெரியும், இரண்டும் ஒரே ஆள் என்று. பாரிஸில் இருக்கும் எழுதுவினைஞருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் அதைத் திருத்தி எழுதவும் கூடாது. இருப்பதை இருக்கிறபடி பெயர்த்து, ஒரே ஆள் என்பதற்குத் தனியாகச் சான்று வைக்கவேண்டும். என் மேசைக்கு வரும் பாண்டிச்சேரி, காரைக்கால் கோப்புகளில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்கல். தயவுசெய்து எழுத்துக்கூட்டலை 'சரிசெய்து தாருங்கள்' என்று யாரிடமும் கேட்கவேண்டாம். அது ஆவணத்தையே கெடுத்துவிடும்.

மறுத்தால் ஆறு மாதத்துக்குள் சட்டத்தரணி வைத்து நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். பிரான்ஸ் சட்டத்தரணியின் கட்டணம் யூரோவில். அப்பாவின் ஓய்வூதியம் ரூபாவில்.

ஆனால் காசைவிட என்னைப் பயமுறுத்தியது நம்முடைய சட்டம். இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தின் 20 ஆம் பிரிவு என்ன சொல்கிறதென்றால், பரம்பரையால் இலங்கைப் பிரசையாக இருப்பவர் வேறொரு நாட்டின் பிரசையாகவும் இருந்தால், 22 வயது நிறையுமுன் அந்த மற்றதைத் துறக்கவேண்டும், இல்லாவிட்டால் இலங்கைப் பிரசாவுரிமை நின்றுவிடும். யோசித்துப் பாருங்கள். அப்பா பாரிஸில் போய்க் கேட்கப்போவது 'என்னைப் பிரெஞ்சாக்குங்கள்' என்று அல்ல. 'நான் 1960 இல் பிறந்ததிலிருந்தே பிரெஞ்சு' என்று. அதை அங்கே நிரூபித்துவிட்டு இங்கே என்ன சொல்வார்? 1982 இல் அவருக்கு 22. அதன்பிறகு அவர் வாங்கிய அடையாள அட்டை, போட்ட வாக்கு எல்லாம் என்னவாகும்?

இதற்கு மருந்து உண்டு. அதே சட்டத்தின் 19 ஆம் பிரிவின் கீழ் இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இழந்ததைத் திரும்பப் பெறவும், வேறு நாட்டுப் பிரசையாகப் போகிறவர் இருப்பதைத் தக்கவைக்கவும் அதில் வழி இருக்கிறது. இடம் பத்தரமுல்லை, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். ஆனால் அது அமைச்சர் தன் தற்றுணிபில் கொடுப்பது, கேட்டால் கிடைத்தே ஆகும் உரிமை இல்லை. இரட்டைப் பிரசை பாராளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது என்ற தடையும் 2015 இல் வந்து, 2020 இல் நீங்கி, 2022 இல் அரசியலமைப்பின் 21 ஆம் திருத்தத்தோடு திரும்ப வந்திருக்கிறது. அப்பாவுக்குத் தேர்தல் ஆசை இல்லை. ஆனால் ஏழு வருடத்தில் மூன்று தடவை புரண்ட விதி என்பதை மனதில் வைக்கவேண்டும்.

இந்த நாட்டில் ஒரு தமிழர் தன் பிரசாவுரிமையைப் பணயமாக வைப்பதை என்னால் இலேசாக எடுக்கமுடியவில்லை. 1948 நவம்பரில் வந்த சட்டம் மலையகத்தில் எத்தனை இலட்சம் பேரை ஒரே இரவில் ஊரற்றவர்களாக்கியது என்பதைப் படித்து வளர்ந்தவள் நான். 1964 ஒக்டோபர் 30 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. இப்படிப் பிரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளில் பலர் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தார்கள். அவர்களில் சிலருடைய பிறப்புச் சான்றிதழ்களை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். தகப்பனின் பிரசாவுரிமை என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கும். அந்தக் கோட்டை ஒரு தடவை தட்டச்சு செய்தவர்கள், கையில் இருக்கும் பிரசாவுரிமையை விட்டு வேறொன்றைப் பிடிக்கத் தாவச் சொல்லமாட்டார்கள்.

இப்போது இந்தியப் பக்கம். இங்கே நிலைமை எவ்வளவோ இலகு, ஆனால் கொழும்பில் இதைப் பற்றிப் பேசுவார் குறைவு. எல்லார் கண்ணும் ஐரோப்பா மேலே.

இந்தியாவின் 'வெளிநாட்டு இந்தியப் பிரசை' அட்டை, எல்லாரும் ஓசிஐ என்று சொல்வது, இந்தியாவில் பிறந்தவரின் வழிவந்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவில் தனியாக ஒரு வரி இருக்கிறது: 1947 ஓகஸ்ட் 15 க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பிரதேசத்தைச் சேர்ந்தவர். பாண்டிச்சேரி, காரைக்கால், கோவா எல்லாவற்றுக்கும் தைத்த சட்டை அது. அவர்களின் பிள்ளை, பேரப்பிள்ளை, பூட்டப்பிள்ளை வரைக்கும் தகுதி. பாகிஸ்தான், வங்காளதேசப் பிரசைகளுக்குத்தான் இந்தத் திட்டத்தில் தடை, இலங்கையருக்கு இல்லை. பழைய பிஐஓ, அதாவது இந்திய வம்சாவளியினர், அட்டைத் திட்டத்தில் இலங்கையரை ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஞாபகத்தில்தான் இன்னும் பலர் 'எங்களுக்குத் தரமாட்டார்கள்' என்கிறார்கள்.

ஆகவே அப்பா பிள்ளை, நானும் தம்பியும் பேரப்பிள்ளைகள், தம்பியின் மகள் பூட்டப்பிள்ளை. நாலு பேருக்கும் ஒரே கடதாசி, காரைக்கால் 1938. இங்கே 1961 அட்டை தேவையில்லை, ஐம்பது வருடக் கணக்கு இல்லை, பாரிஸ் இல்லை. 'உ' சிக்கல் இங்கேயும் உண்டு, ஆனால் காரைக்கால் நகராட்சியில் புதிய பதிவுப் பிரதி கேட்டு எடுக்கலாம், அங்கே தமிழில் பேசலாம்.

என்ன கிடைக்கும்? ஆயுள் முழுக்க எத்தனை தடவையும் போய்வரும் விசா, பொலிஸ் பதிவு இல்லாமல் தங்கும் உரிமை, வேலை செய்யும் உரிமை, வீடு வாங்கும் உரிமை. விவசாய நிலமும் தோட்டமும் வாங்கமுடியாது. வாக்கு இல்லை, அரச பதவி இல்லை. உயர்கல்வியில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களுக்குத்தான் போட்டியிடலாம், உள்ளூர்ப் பிள்ளைகளின் இடத்துக்கு அல்ல. ஊடகம், மதப் பரப்பல், ஆய்வு போன்றவற்றுக்குத் தனி அனுமதி. கட்டணம் ஆளுக்கு 275 அமெரிக்க டொலர். நாலு பேருக்குக் கூட்டினால் சின்னத் தொகை அல்ல, ஆனால் முகவரின் எட்டு இலட்சத்துக்குப் பக்கத்தில் வராது.

பெயரில் 'பிரசை' என்று இருந்தாலும் இது பிரசாவுரிமை அல்ல என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, இது நீண்ட விசாதான். ஆகவே நம்முடைய 20 ஆம் பிரிவை இது தொடாது. இலங்கைக் கடவுச்சீட்டின் மேல் உட்காரும் ஒரு அட்டை, அவ்வளவே.

முழு இந்தியப் பிரசையாகவே ஆகலாமே என்று பெரியம்மா கேட்டார். அதற்கும் வழி இருக்கிறது. இந்திய வம்சாவளியினர் ஏழு வருடம் இந்தியாவில் வாழ்ந்து பதிவுக்கு விண்ணப்பிக்கலாம், ஓசிஐ எடுத்து ஐந்து வருடமானவர் அங்கே ஒரு வருடம் வாழ்ந்தாலும் கேட்கலாம். ஆனால் இலங்கைப் பிரசாவுரிமையை விடவேண்டும். அங்கேயே போய் வாழ முடிவெடுத்தவர்களுக்குச் சரி, எங்களுக்கு அல்ல.

கேட்பவர்கள் இருப்பதால் இன்னும் இரண்டு. அப்பப்பா பிரிட்டிஷ் ஆட்சியில் கொழும்பில் பிறந்தவர், அவர் வழியாக இங்கிலாந்துக்கு ஏதும் உண்டா? இல்லை. இலங்கைக்குத் தனிப் பிரசாவுரிமை 1948 நவம்பர் 15 இல் வந்துவிட்டது. 1973 ஜனவரி 1 முதல் பிரித்தானியாவில் தடையின்றி வாழும் உரிமைக்கு அந்த மண்ணோடு நேரடித் தொடர்பு வேண்டும், முன்னாள் குடியேற்ற நாட்டில் பிறந்தது கணக்கில் வராது. அங்கே பிறந்த பாட்டனோ பாட்டியோ இருந்தால் பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில் ஒரு விசா உண்டு, அதுதான் மிச்சம். அடுத்தது கோவா. கோவாக்காரர் போர்த்துக்கல் கடவுச்சீட்டு எடுக்கிறார்களே, நமக்கு ஏன் இல்லை என்பார்கள். 1961 டிசம்பருக்கு முன் கோவாவில் பிறந்தவர்களைப் போர்த்துக்கல் தன் பிரசைகளாகவே தொடர்ந்து பார்த்தது. பிரான்ஸ் ஒப்பந்தம் போட்டு, தேதி குறித்து, கோடு கீறியது. இரண்டு நாடு, இரண்டு மனப்போக்கு. ஒன்றைக் காட்டி மற்றதில் கேட்கமுடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நாலு கடதாசியையும் பரப்பிவைத்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு சின்ன விஷயம் அல்ல என்பதையும் மறைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாட்டிலும் வாழலாம், வேலை செய்யலாம். இருபத்தைந்து வயதில் இது தெரிந்திருந்தால், அப்பாவே அன்று தூதரகத்தில் பதிந்திருந்தால், எங்கள் வாழ்க்கை வேறாகப் போயிருக்கும், நாங்களும் கேட்டிருக்கலாம். அதை நினைக்க எனக்கு மனம் வலிக்கத்தான் செய்கிறது.

உங்கள் வீட்டில் தாயோ தகப்பனோ இன்னும் உயிரோடு இருந்து, அவர் பெயரில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டோ தூதரகப் பதிவோ இடையில் அறாமல் இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. நேரே பிரான்ஸ் வழியைப் பிடியுங்கள், அதற்கு முன் நம்முடைய 19, 20 பிரிவுகளை ஒரு நல்ல சட்டத்தரணியோடு பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் இந்த வாரமே போய்ப் புதுப்பியுங்கள், உங்கள் பிள்ளைகளுக்காக. அப்படி ஒன்றும் இல்லையென்றால் முகவரிடம் போகவேண்டாம், ஓசிஐக்குப் போங்கள்.

எங்கள் வீட்டில், பிரெஞ்சு வழியால் பயன்பெறக்கூடியவர் அப்பா ஒருவர்தான், அவர் பிரான்ஸில் வாழப்போவதில்லை. எங்களுக்கு அதனால் ஒன்றும் இறங்கி வராது. ஆபத்தோ அவருடைய இலங்கைப் பிரசாவுரிமைக்கு. என் தீர்ப்பு வேண்டாம் என்பது. அப்பா உடனே ஒத்துக்கொண்டார். தம்பி கொஞ்சம் நேரமெடுத்தான். பிரான்ஸ்தான் வேண்டுமென்றால் மாணவர் விசாவில் போகட்டும், மொழியைப் படிக்கட்டும். அங்கே சில வருடம் வாழ்ந்தால் நாளை அந்த 21-14 ஐ நேர்மையாகக் கேட்கலாம் என்றேன். இப்போது சனிக்கிழமைகளில் வகுப்புக்குப் போகிறான்.

ஓசிஐ விண்ணப்பம் நாலு பேருக்கும் நிரப்பியாகிவிட்டது. படிவத்தில் முன்னோர் பிறந்த ஊர் என்ற கட்டத்தை நான் நிரப்பிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்று பார்த்தார். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் திரும்ப ஓடுகிறதாமே, உண்மையா என்றார். 2023 ஒக்டோபரில் தொடங்கியது, இடையில் நின்று பிறகு ஓடியது என்றேன். நாகபட்டினத்திலிருந்து காரைக்கால் எவ்வளவு தூரம் என்றார். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் வராது என்றேன். அப்பா அட்டையிலிருந்த அப்பம்மாவின் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்துக்கொண்டு, கடதாசிகளைப் பழைய மடிப்பிலேயே மடித்து டின்னுக்குள் வைத்தார்.